‘டூ த நீட்ஃபுல்’ எழுதலாமா? ஆங்கிலக் கடிதங்களில் நாம் புழங்கும் தொடர்கள்

ஜூலை 2, இரவு 9.40

கல்முனைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிய மெயிலை ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ (தயவுசெய்து செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்) என்று முடித்தேன். கனடாவில் இருக்கிற அண்ணன் பார்த்துவிட்டு இது பிழை, இப்போது யாரும் எழுதுவதில்லை என்கிறார். எங்கட சேர் படிப்பித்ததே அப்படித்தான். யார் சொல்வது சரி?”

இலக்கணப் பிழை இல்லை. சேர் இல்லாததைப் படிப்பிக்கவும் இல்லை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அவர்களே தங்கள் அலுவலகக் கடிதங்களில் எழுதிய தொடர்தான் இது. அங்கே மெல்ல மெல்ல வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் கச்சேரி போன்ற அரச அலுவலகங்களின் கோப்புகளுக்குள் தங்கிவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் கிளாக் முன்னவர் எழுதிய கடிதத்தைப் பார்த்துத் தன் கடிதத்தை எழுதுவார், அவரைப் பார்த்து அடுத்தவர். இப்படியே அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்திலும் அரச அலுவலக மொழி லேசில் மாறவில்லை. அரச ஊழியர் எழுதும் கடிதம் சனங்களுக்கு விளங்கவில்லை என்ற குறை பெரிதாகி, திறைசேரி கேட்டுக்கொண்டதன் பேரில் சேர் ஏர்னஸ்ட் கவர்ஸ் என்பவர் 1948இல் எளிய நடை பற்றி ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். ஆகவே அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஒரு இளம் அலுவலர் ‘நீட்ஃபுல்’ என்பதைப் படித்தால் பழைய காலத்துக் கடிதம் என்று நினைப்பார், அல்லது என்ன கேட்கிறார் என்று விளங்காமல் விட்டுவிடுவார்.

என் கவலை அந்த இரண்டாவதைப் பற்றித்தான். ‘செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்’ என்றால் எதைச் செய்வது? கல்லடியில் நான் கடிதம் ரைப் செய்து கொடுக்கும் கடைக்கு ஒரு தகப்பன் வந்தார். மகன் கட்டாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். கடைசி மூன்று மாதச் சம்பளமும் சேவைக்காலக் கொடுப்பனவும் வந்து சேரவில்லை. யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பாஸ்போட் கொப்பியோடு மடித்து சொப்பிங் பேக்கில் கொண்டுவந்திருந்தார். முதல் பந்தி முழுக்க மரியாதை. இரண்டாம் பந்தியில் குடும்பக் கஷ்டம். மூன்றாம் பந்தி ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடிகிறது. எந்த மாதங்களின் சம்பளம், எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்ற ஒரு விவரமும் அதில் இல்லை. அவரிடம் கேட்டுக் கேட்டு அந்த மூன்றையும் முதல் பந்தியில் ஏற்றினேன். ‘ப்ளீஸ் பே மை சலரி ஃபோர் ஜனவரி, பெப்ரவரி அண்ட் மார்ச்’ என்று தொடங்கினால் வாசிப்பவருக்கு முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

தம்பி, உங்கள் மெயிலில் நீங்கள் கேட்பது என்ன? அனுமதிக் கடிதமா, கட்டண விவரமா, கடைசித் திகதியைத் தள்ளிப்போடுவதா? அதை எழுதிவிட்டால் ‘நீட்ஃபுல்’ தேவையே இல்லாமல் போய்விடும்.

ஜூலை 3, காலை

‘கைண்ட்லி’யும் கூடாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கூடும். ஆனால் ‘ப்ளீஸ்’ அதைவிட இயல்பு. இங்கிலாந்துக்காரர் சிலருக்கு ‘கைண்ட்லி’ என்பது பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல் கேட்கும். ‘கைண்ட்லி’, ‘ப்ளீஸ்’ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட வேண்டாம்.

ஜூலை 3, இரவு

‘ரிவேர்ட் பேக்’. நிறையப் பேர் கேட்டது இதைத்தான். ‘ப்ளீஸ் ரிவேர்ட் பேக் டு மீ’ என்று எழுதினால் ‘எனக்குப் பதில் தாருங்கள்’ என்று இங்கே எல்லோருக்கும் விளங்கும். சிங்கப்பூர், மலேசியாவிலும் விளங்கும். சில அகராதிகள் இந்திய ஆங்கில வழக்கு என்று குறித்து இந்தப் பொருளைச் சேர்த்தும் இருக்கின்றன. ஆனால் பொது ஆங்கிலத்தில் ‘ரிவேர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. அதனால் அதைத் தொடர்ந்து வரும் ‘பேக்’ எப்படிப் பார்த்தாலும் மிகை. ‘ரிட்டேர்ன் பேக்’, ‘ரிப்ளை பேக்’ இரண்டிலும் அதே மிகை.

காத்தான்குடி நாநா ஒருவர் இன்னொரு சங்கதி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் லண்டனில் ஒரு முஸ்லிம் தொண்டு அமைப்புக்கு ‘ஐ வில் ரிவேர்ட் சூன்’ என்று எழுதினாராம். ஆங்கிலம் பேசும் முஸ்லிம்களிடையே இஸ்லாத்துக்கு வந்தவரை ‘ரிவேர்ட்’ என்று சொல்வார்கள். மனிதன் பிறந்த இயல்புக்கே திரும்புகிறான் என்ற கருத்தில் வந்த பெயர் அது. ஆகவே அங்கே அந்த வரி ‘நான் சீக்கிரம் இஸ்லாத்தைத் தழுவுவேன்’ என்று படிக்கப்பட்டிருக்கிறது. மறுமொழியில் வாழ்த்துச் சொல்லியிருந்தார்களாம். நாநா சிரித்துக்கொண்டே எழுதியிருந்தார், நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

‘ஐ வில் ரிப்ளை பை ஃப்ரைடே’ என்று எழுதிவிடுங்கள். கிழமையையும் சொன்னது போல ஆயிற்று.

ஜூலை 5, மாலை

கச்சான் காற்று இரண்டு நாளாக அடித்துத் தள்ளுகிறது. கரண்டும் போய்ப்போய் வருகிறது. அதனால்தான் தாமதம்.

செங்கலடித் தங்கச்சி ‘டிஸ்கஸ் எபவுட்’ பற்றிக் கேட்டார். இந்த இழையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

பெரிய சொற்களில் நம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. ‘என்வைரன்மென்ட்’, ‘ரெஸ்பொன்சிபிலிட்டி’ எல்லாம் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவார்கள். விழுவது ‘எபவுட்’, ‘டு’, ‘ஃபோர்’, ‘வித்’ போன்ற சின்னச் சொற்களில். காரணம் தமிழில் இருக்கிறது. நமக்கு ‘கூட்டத்தைப் பற்றிக் கலந்துரையாடினோம்’ என்று வரும். அந்தப் ‘பற்றி’ ஆங்கிலத்துக்குள்ளும் கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே அந்தப் பற்றி இருக்கிறது. ‘வீ டிஸ்கஸ்ட் த மீட்டிங்’ என்பதோடு வாக்கியம் முடிந்தது. பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் ‘எ டிஸ்கஷன் எபவுட்’ சரி. ஒன்றில் வேண்டாம், மற்றதில் வேண்டும் என்பதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

‘ரிக்வெஸ்ட்’டும் இதே கதைதான். ‘எ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்’ சரி. வினையாக வந்தால் ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’ என்று மட்டும். ‘எம்பசைஸ் ஒன்’ என்பதில் ‘ஒன்’ வேண்டாம், ‘எம்பசிஸ் ஒன்’ என்று பெயராக வந்தால் வேண்டும். ‘கோப் அப் வித்’ என்று ஒன்று கிடையாது, ‘கோப் வித்’ மட்டும்தான். ‘கம்ப்ரைஸ் ஒஃப்’ என்பதில் ‘ஒஃப்’ வேண்டாம், ‘கன்சிஸ்ட் ஒஃப்’ என்பதில் கட்டாயம் வேண்டும். ‘மரீட் வித்’ என்று எழுதுகிறோம், நமக்கு இவரோடு அவருக்குக் கல்யாணம். ஆங்கிலத்தில் ‘மரீட் டு’.

எல்லாக் கடிதத்தின் கடைசி வரியிலும் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’ ‘டு’ வந்தால் அடுத்து மூல வினைதான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கம். இந்த ‘டு’ வேறு வகை, அதற்குப் பின் பெயர்ச்சொல் வர வேண்டும். ஆகவே ‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியரிங்’. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘யோர் ரிப்ளை’ என்று போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபோர்வர்ட் டு யோர் ரிப்ளை’ பொருந்துகிறது அல்லவா? பெயர் பொருந்துகிற இடத்தில் ‘ஹியரிங்’தான் வரும்.

சொல்லைத் தனியாகப் பாடமாக்காதீர்கள். ‘டிஸ்கஸ்’ என்று கொப்பியில் எழுதினால் பக்கத்தில் ‘டிஸ்கஸ் த பிரொப்ளம்’ என்று சேர்த்தே எழுதுங்கள். நான் ரியூசன் கொடுத்த காலத்தில் பிள்ளைகளை அப்படித்தான் எழுதவைத்தேன். விதி மறந்துபோனாலும் அந்தத் துண்டு மனதில் நிற்கும்.

ஜூலை 6, அதிகாலை

படுத்த பிறகு நினைவு வந்தது. தமிழ் இழுக்கிற இடங்களைச் சொல்லும்போது காலத்தை விட்டுவிட்டேன். ‘ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்’ என்பது நமக்கு நிகழ்காலம். அதை அப்படியே ‘ஐ ஆம் வேர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். வேலைக்குப் போடும் சீவீயில் அடிக்கடி காண்பது. தொடங்கி இன்னும் முடியாத வேலைக்கு ‘ஐ ஹேவ் பீன் வேர்க்கிங்’. கால அளவுக்கு ‘ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’, தொடங்கிய ஆண்டுக்கு ‘சின்ஸ் 2019’. அதுபோல் ‘எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்’ என்பது ‘ஐ ஆம் ஹேவிங்’ ஆகிவிடுகிறது, ‘ஐ ஹேவ்’ போதும்.

ஜூலை 8, இரவு

வாழைச்சேனையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காரசாரமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: “இதெல்லாம் இலங்கை ஆங்கிலம். ஆஸ்திரேலியாக்காரனுக்கு அவன் ஆங்கிலம் இருந்தால் நமக்கு நம் ஆங்கிலம் இருக்கக்கூடாதா? இன்னும் வெள்ளைக்காரன் காதுக்கு ஏற்பத்தான் எழுத வேண்டுமா?”

சேர், நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. மட்டக்களப்பில் இருந்து ஒரு தமிழர் அம்பாறையில் இருக்கும் சிங்கள அதிகாரிக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு பேருக்கும் அது சொந்த மொழி இல்லை. இரண்டு பேரும் ‘நீட்ஃபுல்’ என்பதைப் படித்து வளர்ந்தவர்கள். அங்கே அந்தத் தொடர் வேலை செய்கிறது. அதைப் பிழை என்று சொல்ல லண்டனில் இருந்து ஒருவர் வரத் தேவையில்லை.

‘அவுட் ஒஃப் ஸ்டேஷன்’ என்றால் ஊரில் இல்லை என்று எங்கள் அலுவலகங்களில் யாருக்குத் தெரியாது? ‘கசின் பிரதர்’ என்றால் சித்தப்பா மகனோ மாமி மகனோ, ஆனால் ஆண் என்று தெரிகிறது. வெறும் ‘கசின்’ அதைச் சொல்லாது. உறவு முறை கேட்டுப் பழகிய சமூகத்துக்கு அந்த இரண்டாவது சொல் தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டோம். சாப்பாட்டுக் கடையை ‘ஹோட்டல்’ என்கிறோம். இவற்றுக்கெல்லாம் நான் ஒரு நாளும் சிவப்பு மை போடமாட்டேன்.

ஆனால் ‘டிஸ்கஸ் எபவுட்’டையும் ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ஸையும் நம் ஆங்கிலம் என்ற பெயரில் காப்பாற்ற என்னால் முடியாது, சேர். அவற்றால் நமக்கு ஒன்றும் கூடக் கிடைக்கவில்லை. ‘கசின் பிரதர்’ நமக்கு ஒரு வசதி தந்தது. ‘எபவுட்’ என்ன தந்தது?

ஜூலை 9, பகல்

நேற்று எழுதியதை இன்று மறுபடி யோசித்தேன். வசதி தருகிறதா என்ற அளவுகோல் மட்டும் போதாது. யார் படிக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும்.

‘பாஸ்ட் அவுட்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ பாஸ்ட் அவுட் ஃப்ரம் ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டி’ என்று வந்தாறுமூலையில் படித்து முடித்த பிள்ளை எழுதுகிறது. கொழும்பில் படித்தால் பட்டம் பெற்றவர். வெளிநாட்டில் படித்தால் அங்கே மயங்கி விழுந்தவர். இராணுவப் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியேறுவதற்கு மட்டும் இங்கிலாந்தில் அந்தத் தொடர் உண்டு, நம் பட்டதாரிக்கு அது உதவாது. வெளிநாட்டுக் கடிதத்தில் ‘கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்றே எழுதுங்கள். ஊருக்குள் எப்படியும் எழுதுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ‘பிரிபோன்’ என்பதும் இந்த வகைதான். கூட்டத்தை முன்னே தள்ளுவதற்கு அழகான சொல், இந்தியாவில் நன்றாக ஓடுகிறது. வெளியே அனுப்பினால் ‘பிரிங் ஃபோர்வர்ட்’ என்று போட்டுப் புதுத் திகதியையும் எழுதிவிடுங்கள்.

காரைதீவில் இருந்து ஒருவர், ஆங்கிலத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டால் தமிழ் என்னாவது என்று கேட்கிறார். உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது ஐயா. 1892இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. ராமகிருஷ்ண மடத்தின் ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். அவரேதான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ்நூல் தந்தவரும் அவர்தான்.

ஜூலை 12

அக்கரைப்பற்றுத் தங்கச்சி கேட்டது: “ஆங்கிலமே தாய்மொழியான ஆட்கள் இப்படித் தவறு விடுவதில்லையா?”

விடுகிறார்கள், ஆனால் வேறு இடத்தில். நாம் கண்ணால் படித்துக் கற்றவர்கள், அதனால் நமக்கு ஆங்கிலத் தொடர் அச்சில் இருந்தபடியே வரும். அவர்கள் காதால் கேட்டு வளர்ந்தவர்கள், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை எழுதும்போது மாற்றிவிடுவார்கள். ‘ஃப்ரீ ரெய்ன்’ என்பது குதிரையின் கடிவாளத்தைத் தளர்த்தி விடுவது. பலர் அரசாட்சியைக் குறிக்கும் ‘ரெய்ன்’ என்ற எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். ‘டோ த லைன்’ என்பதில் வருவது கால்விரல், கோட்டில் விரலை வைத்து நிற்பது. அதைக் கயிறு கட்டி இழுக்கும் ‘டோ’ ஆக்கிவிடுவார்கள். மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதற்கு ‘பேட்டட் பிரெத்’. குறைத்தல் என்ற பொருளுள்ள ‘அபேட்’ என்பதில் இருந்து வந்தது. அதைத் தூண்டிலில் குத்தும் இரையாக எழுதுகிறவர்கள் ஏராளம். ‘ஃபோர் ஒல் இன்டென்ட்ஸ் அண்ட் பேர்ப்பஸஸ்’ என்ற 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொடரை ‘இன்டென்சிவ் பேர்ப்பஸஸ்’ என்று எழுதுவது அங்கே சாதாரணம். ‘குட் ஹேவ்’ என்பதை ‘குட் ஒஃப்’ என்று எழுதுவதை நம் பிள்ளைகளிடம் நான் கண்டதே இல்லை. அது முழுக்க அவர்களுடைய பிழை.

இந்த வகைக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஓக் மரத்துக் கொட்டைக்கு ‘ஏகோர்ன்’ என்று பெயர். அதை யாரோ ‘எக்கோர்ன்’ என்று, முட்டையையும் தானியத்தையும் சேர்த்து, எழுதியிருக்கிறார்கள். முட்டை வடிவம்தானே, அவருக்கு அதுவே நியாயமாகப் பட்டிருக்கிறது. 2003இல் ஜெஃப்ரி புல்லம் என்ற மொழியியலாளர் அந்தச் சொல்லையே இந்தப் பிழை வகைக்குப் பெயராகச் சொன்னார், நிலைத்துவிட்டது.

தங்கச்சி, இதில் நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. பிறகு கற்ற மொழி என்பதால் ஒவ்வொரு தொடரிலும் இது எங்கே இருந்து வந்தது என்று நின்று பார்க்கிறோம். கடிவாளம் என்று ஒரு முறை தெரிந்துகொண்டவர் அந்த எழுத்துக்கூட்டலை மறுபடி மாற்றமாட்டார்.

ஜூலை 13

பிரித்தானிய ஆங்கிலமா அமெரிக்க ஆங்கிலமா என்று கேட்கிறீர்கள். மட்டக்களப்புக்கு இரண்டும் வந்து போயிருக்கின்றன. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார், அது பிரித்தானிய ஆங்கிலம். பிறகு புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த இயேசு சபைக் குருமாரில் பலர் அமெரிக்கர். வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளாரும் அமெரிக்கர்தான். எங்கள் உறவில் மூத்த ஒருவர் அவர்களிடம் படித்தவர். ‘கலர்’ என்பதை ‘யூ’ இல்லாமல் எழுதி அரச அலுவலகத்தில் திருத்து வாங்கியதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எதுவும் சரி, ஒரு கடிதத்தில் ஒன்றாக இருக்கட்டும். திகதியில் மட்டும் கவனம் வேண்டும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதினால் தொல்லை இல்லை. நேர்முகப் பரீட்சைத் திகதியை இப்படி மாற்றிப் படித்து ஒரு பிள்ளை வாய்ப்பை இழந்ததைப் பார்த்தேன்.

ஜூலை 17, இரவு

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். திருக்கோவிலில் இருந்து ஒரு தம்பி, தான் வேலை செய்யும் நிறுவனத்தின் அறிக்கைகளில் வரும் ‘கெப்பாசிட்டி பில்டிங்’ (திறன் வளர்ப்பு), ‘ஸ்டேக்ஹோல்டர்ஸ்’ (சம்பந்தப்பட்டவர்கள்), ‘லைவ்லிஹுட்’ (வாழ்வாதாரம்) போன்ற தொடர்களைச் சரியாகப் பாவிப்பது எப்படி என்று கேட்டதால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடி தொடங்கிக் கல்முனை, மருதமுனை, திருக்கோவில் வரை கரையோரம் முழுக்க உதவி நிறுவனங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை, சனங்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலப் படிவத்தில் நிரப்புவது. நாவலடிப் பெண் ஒருவர் என் முன்னால் இருந்து சொன்னார்: “மனிசன் போயிற்றார் புள்ள. தோணியும் போயிற்று. வலை புதுசு, கடனுக்கு எடுத்தது, அந்தக் கடன் இன்னும் கிடக்கு.” நான் படிவத்தில் அதை எழுதினேன். மேலே போய் அறிக்கையாக வந்தபோது அது ‘லொஸ்ட் லைவ்லிஹுட் அசெட்ஸ்’ (வாழ்வாதாரச் சொத்துகளை இழந்தார்) என்று மாறியிருந்தது. தோணி இல்லை, வலை இல்லை. கடன் என்ற சொல்லே இல்லை.

அந்தத் தொடரில் இலக்கணப் பிழை கிடையாது. அகராதியைப் பார்த்தாலும் சரி. ஆனால் பணம் தருபவருக்கு அதை வாசித்து என்ன தெரியும்? ஆடு போனதா, தையல் மெசின் போனதா, தோணி போனதா? தலைக்கு மேலே கடன் நிற்கும்போது புதுத் தோணி மட்டும் கொடுத்தால் அந்தப் பெண் எப்படி எழும்புவார்?

தம்பி, அந்தத் தொடர்களைத் தலைப்பில் போடச் சொன்னால் போடுங்கள், படிவம் கேட்கிறது, வேறு வழி இல்லை. தலைப்புக்குக் கீழே மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘கெப்பாசிட்டி பில்டிங்’ என்ற தலைப்பின் கீழ், எத்தனை பெண்களுக்கு எதைப் பழக்கினோம், அதில் எத்தனை பேர் இன்று அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். ‘பெனிஃபீஷியரீஸ் வேர் சென்சிட்டைஸ்ட்’ (பயனாளிகளுக்கு விழிப்பூட்டினோம்) என்று வந்தால் நிறுத்தி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று உங்களையே கேளுங்கள். மேலதிகாரி வெட்டினாலும் ஒரு தடவை எழுதிக் கொடுங்கள். சரியான ஆங்கிலம் என்று நான் இந்த இழையில் சொல்லிவருவதில் இதுவும் அடங்கும். இதைத்தான் நான் ‘டிஸ்கஸ் எபவுட்’டை விடப் பெரிதாக நினைக்கிறேன். 5ஆம் திகதி சின்னச் சொற்கள்தான் முக்கியம் என்று எழுதியிருந்தேன். பரீட்சைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் அதில் மாற்றம் இல்லை. அடுத்தவர் துன்பத்தை எழுதும்போது முதலில் தோணியைத் தோணி என்று எழுத வேண்டும்.

ஜூலை 18

ஏஐயிடம் கேட்டு எழுதினால் என்ன என்று மூன்று பேர். எழுதலாம். அது இலக்கணத்தைத் திருத்திக் கொடுக்கும். உங்கள் சம்பளம் எந்த மாதம் வரவில்லை என்று அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது தரும் ‘ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்ற முதல் வரியில் பிழை இல்லை, அவசரக் கடிதம் என்றால் வெட்டிவிடுங்கள்.

ஜூலை 21, இரவு

ஒலுவில் வளாகத்தில் படிக்கிற பிள்ளை கேட்டது, கடிதத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது.

பெயர் தெரியாவிட்டால் ‘டியர் சேர் ஓர் மேடம்’, முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் எழுதித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. இது பிரித்தானிய மரபு. அமெரிக்கர் ‘ஃபெய்த்ஃபுல்லி’ எழுதுவதே அபூர்வம், ‘சின்சியர்லி’ மட்டும் போடுவார்கள். மின்னஞ்சலில் ‘பெஸ்ட் ரிகார்ட்ஸ்’ எங்கும் பொருந்தும். ‘ரெஸ்பெக்டட் சேர்’ நம் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூட அதிபருக்கு எழுதலாம், வெளிநாட்டுக்கு ‘டியர்’ போதும். அந்த ‘டியர்’ அன்பைக் குறிப்பதில்லை, வெறும் விளி. பெண் பிள்ளைகள் கூச்சப்பட வேண்டாம்.

‘மிஸ்டர்’, ‘டொக்டர்’, ‘புரொஃபெசர்’ எல்லாவற்றுக்கும் பின்னால் வருவது குடும்பப் பெயர், பெரும்பாலும் கடைசியில் இருக்கும் பெயர். முன்பெயரோடு சேர்த்தால் அவர்களுக்கு வித்தியாசமாக இருக்கும். பெண் என்றால் கல்யாணம் ஆனவரா என்று ஆராயாமல் ‘எம்’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்து மட்டும் உள்ள ‘மிஸ்’ போடுங்கள்.

சிக்கல் நம் பெயரில்தான் வருகிறது. தகப்பன் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். படிவத்தில் ‘சேர்நேம்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது? முஸ்லிம் பிள்ளைகளுக்கு இன்னும் சிக்கல், முதலெழுத்துகள் மூன்று நான்கு வரும், அவற்றை விரித்தால் கட்டம் போதாது. உங்கள் பாஸ்போட்டில் ‘சேர்நேம்’, ‘அதர் நேம்ஸ்’ என்று எந்தப் பெயர் எங்கே இருக்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் அப்படியே எழுதுங்கள். கடிதத்தின் கடைசியில் கையொப்பத்துக்குக் கீழும் அதே ஒழுங்கு. பதில் கடிதத்தில் தகப்பன் பெயரைச் சொல்லி உங்களை விளித்திருந்தால் மனம் கோண வேண்டாம். ‘ப்ளீஸ் கோல் மீ’ என்று தொடங்கி உங்கள் பெயரை எழுதி ஒரு வரி சேர்த்தால் அடுத்த மெயிலில் திருத்திவிடுவார்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட், பரீட்சைச் சான்றிதழ் நான்கையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் ‘டிஎச்’, இன்னொன்றில் வெறும் ‘டி’ என்று இருக்கும். வித்தியாசம் இருந்தால் இப்போதே சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். என்னைப் போல் கடையில் ரைப் செய்கிறவர்களிடம் கொண்டுவந்தால் எவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் செய்து கொடுத்தாலும் தூதரகத்தில் எடுக்கமாட்டார்கள்.